மழை வளைவில் எங்களைத் திருப்பிய செல்வரத்தினம் ஐயாவுக்கு

அன்பிற் சிறந்தவரே! அதிகாலைக் குளிரிலும் அலுக்காதவரே! ஒக்லாந்து நகரின் எப்சம் முதல் ஈஸ்ட் டாமாக்கி வரை எங்களை ஏற்றி இறக்கி, தொழிற்சாலை வாசலில் ஒருவரையும் பிந்த விடாத சாரதிப் பெருந்தகையே! ஓய்வு பெறும் உங்களைப் பாராட்ட ஆயிரம் உண்டு. எங்களுள் இளையவளான உஷாவோ ஒன்றைத்தான் எழுதச் சொன்னாள்.

கடந்த தீபாவளி. தொழிற்சாலை விருந்துக்குக் கொதிக்கக் கொதிக்க ஒரு பெரும்பானை சாம்பார். வாகனத்தின் கடைசிப் பகுதியில் இருக்கையில்லை. இடப்பக்கத் தகட்டில் முதுகைச் சாய்த்து உஷா தரையில் அமர்ந்தாள், எதிரே பானை. வெளியே மழை. சாப்பாடு ஆறிவிடுமென்று, மன்னிக்க வேண்டும் ஐயா, அன்று கொஞ்சம் பறந்துதான் வந்தீர்கள். சேற்றுக்கழியோரம் வீதி வலப்பக்கம் வளைந்தது.

யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படிப்பித்தவள் உஷா. தெரிந்ததே அவளை வதைத்தது. வேகமானி முள் அசையாவிட்டாலும், திசை மாறினால் வேகம் மாறியதாகத்தான் அர்த்தம். அந்த மாற்றமும் ஆர்முடுகல்தான், முடுக்கம்தான். வாகனத்தைத் திருப்பச் சில்லுகளுக்கு வீதியின் பிடி உண்டு. பானையைத் திருப்ப ஒன்றுமில்லை. அது நேரே போகப் பார்க்கும்; நேரே இருந்தது அவள் மடி.

முன்னிருக்கையில் அன்னபாக்கியம் அக்கா அலறினார்: "ஐயோ, பிறேக்கை அடியுங்கோ அண்ணை!"

ஈர வளைவில் பிறேக்கை அடித்தால் சில்லுகளின் பிடி விட்டுவிடும், வாகனமும் திரும்பாது, எல்லோரும் கழிக்குள். அதுவும் உஷாவுக்குத் தெரியும்.

"அடியாதேங்கோ! என்னைப் பாக்காதேங்கோ, திருப்புங்கோ!"

கண்ணாடியில் பானையையும் அவளையும் பார்த்தீர்கள். வேகமிதியிலிருந்து காலை எடுத்தீர்கள், திருப்பினீர்கள். பானை வழுக்கி வந்தது. இரு பாதங்களாலும் அதைத் தடுத்தாள்; மூடி நெகிழ்ந்து சாம்பார் வழிந்ததில் இடக்கால் வெந்தது. ஆனால் நாங்கள் எல்லோரும் வீதியிலேயே இருந்தோம்.

நிறுத்திய பின்னும் ஸ்டியரிங்கை விட்டு உங்கள் கை வரவில்லை. "நான் உன்னைச் சுட்டுப்போட்டன், பிள்ளை" என்று விம்மினீர்கள்.

புண் ஆறியது, பயம் ஆறவில்லை. வளைவு வந்தால் உஷா கண்ணை மூடிக்கொள்வாள். பயப்படாதே என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை, கருணை மிக்கவரே! "பிள்ளை, இப்ப வலப்பக்கம் திருப்பிறன்" என்று முன்கூட்டியே சொல்வீர்கள். யார் கதைத்துக்கொண்டிருந்தாலும் இடைமறித்துச் சொல்வீர்கள். அதன் பிறகே அவள் கண்ணைத் திறந்து மூச்சு விடுவாள்.

நோய்நொடியின்றி, மனைமக்கள் சூழ, நிறைவாழ்வு வாழ்வீர்களாக! திங்கட்கிழமை புதிய சாரதி வருகிறார். இரண்டு நாளாய், நீங்கள் சொல்லுமுன் நாங்களே மாறி மாறி, "திருப்பப் போகிறோம் உஷா" என்று சொல்லிப் பார்த்தோம், ஐயா. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

இங்ஙனம்,
உங்கள் வாகனத்தில் வந்த ஊழியர்கள்
ஈஸ்ட் டாமாக்கி, ஒக்லாந்து, 1989