சைக்கிள் ஷெட்டுப் பூனை

...எனக்கு முன்னாடி பேசுனவங்க கணக்கெல்லாம் சொல்லிட்டாங்க. பட்ஜெட்ல சுகாதாரத்துக்கு எவ்வளவு, அதுல எங்க வெட்டு, எங்க குத்துன்னு. நீங்களும் பாவம், கொட்டாவிய அடக்கிக்கிட்டுக் கேட்டீங்க. நான் ஒரு பூனைக் கதை சொல்றேன். சின்னக் கதைதான். கையில இருக்கிற டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிருவேன்.

ஒரு ஊரு. எந்த ஊருன்னு கேக்கப்படாது. அங்க ஒரு அரசு ஆஸ்பத்திரி, அதுல ஒரு பிரசவ வார்டு. ஒருநா மேலிடத்துல இருந்து போன். "சிக்கன நடவடிக்கை அதிகாரி நாளைக்குப் பார்வையிட வர்றார்." அம்புட்டுத்தான்!

அதிகாரி வர்றாருன்னா நாம என்ன செய்வோம்? சொல்லுங்க... என்ன செய்வோம்? ஆங், அந்தம்மா சொல்லிட்டாங்க. பிளீச்சிங் பவுடர் போடுவோம்! ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளைக்கோடு. கோட்டைத் தாண்டி நானும் வரமாட்டேன்னு கொசு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கு பாருங்க! வருசம் பூரா சாக்கடை நாறும், ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான். அன்னிக்கு மட்டும் சாக்கடைக்கே பவுடர் பூசி அழகு பாப்போம்.

அங்க டாக்டர் பேரு குணசிங். நல்ல மனுசன், கைராசிக்காரர். ஆனா அதிகாரின்னா தொடை நடுங்கும். மறுநா காலையில வார்டுக்குள்ள ஓடி வர்றார். "சிஸ்டர்! கட்டில்ல ஒரு சுருக்கம் இருக்கப்படாது!"

ஜெசிந்தா சிஸ்டர் கேக்குறாங்க, "விரிப்பைச் சுருக்கமில்லாம விரிச்சிரலாம் டாக்டர். ஆனா அதுமேல ஆளு படுத்திருக்காங்களே?"

"எழுப்புங்க!"

எழுப்பிட்டாங்கய்யா... எழுப்பியே விட்டுட்டாங்க! காய்ச்சக்காரனைச் சாயங்காலம் வான்னு அனுப்பியாச்சு. சர்க்கரை மாத்திரைக்கு வந்தவங்களை நாளைக்கு வாங்கன்னு அனுப்பியாச்சு. அவங்களும் ஒரு வார்த்தை கேக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க. மிச்சம் ஒருத்தி. முப்பிடாதின்னு பேரு, தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. தலைச்சன் பிரசவம், விடியக்காலத்துல இருந்து வலி. அவளை எங்க அனுப்புறது? பின்னாடி சைக்கிள் ஷெட்டு. ஒரு பாய், ஒரு வாளித் தண்ணி, துணைக்கு சிஸ்டர். டாக்டர் குனிஞ்சு சொல்றார், "சத்தம் போடாம இரும்மா, செத்த நேரந்தான்."

பிரசவ வலியில சத்தம் போடாம இருக்கணுமாம்! ஆம்பளை வாயிலதான் இப்படி ஒரு வைத்தியம் வரும்.

கார் வந்துச்சு. மாலை, சால்வை, இளநீர் எல்லாம் ஆச்சு. அதிகாரி வார்டுக்குள்ள நுழையிறார். பினாயில் வாசனை மூக்கைத் துளைக்குது. "பரவாயில்லையே... ரொம்பச் சுத்தம்!" டாக்டருக்கு உச்சி குளுந்துபோச்சு. அதிகாரி இந்தப் பக்கம் பாக்குறார்... அந்தப் பக்கம் பாக்குறார்...

"ஏன் டாக்டர், நோயாளி யாரையும் காணோம்?"

டாக்டர் சொல்றார், "எல்லாருக்கும்... குணமாயிருச்சு சார்."

"அருமை! நோயே இல்லாத ஊருக்கு எதுக்கு இத்தனை கட்டில்? பிரசவ வார்டும் காலி. நர்ஸ் எதுக்கு, மருந்து எதுக்கு? இந்த நிதியை நிறுத்திட வேண்டியதுதான்."

சொல்லி வாயை மூடல. பின்னாடி இருந்து... "ங்ஙே... ங்ஙே..."

"என்ன சத்தம்?"

நல்லா யோசிச்சுப் பாருங்க. அந்த நேரத்துல ஒரு வார்த்தை... "சார், அது புள்ள. இந்த ஊர்ல புள்ள பொறக்குது, எங்களுக்கு வார்டு வேணும்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வார்டு தப்பிச்சிருக்கும். ஆனா சொன்னா அடுத்த கேள்வி என்ன? "வார்டு இருக்க, ஷெட்டுல எதுக்குய்யா பெத்தா?" மனுசன் சொன்னார்...

"பூனை சார்."

அதிகாரி மூக்கைப் பொத்திக்கிட்டார். "ஆஸ்பத்திரியில பூனையா? சுகாதாரக் கேடு!"

மறு மாசமே உத்தரவு வந்துச்சு. இந்த ஊர்ல பிரசவமே நடக்காததால, மாசக் கடைசியோட பிரசவ வார்டை மூடணும். அப்புறம்... பூனை பிடிக்க நிதி ஒதுக்கியாச்சு!

சிரிங்க, சிரிங்க. நானும்தான் சிரிச்சேன். முப்பிடாதி சிரிக்கல. பச்சப்புள்ளையைத் தூக்கிக்கிட்டு நேரா டாக்டர் ரூமுக்குப் போனா. புள்ளையை மேசை மேல படுக்க வச்சா. "பூனை பிடிக்க ஆளு வருதாமே... இந்தாங்க ஐயா, பிடிச்சுக் குடுங்க." டாக்டர் தலையைத் தூக்கல. தேம்பித் தேம்பி அழுதுட்டார்.

எந்த ஊருன்னு இப்பச் சொல்றேன். பவுடர் போட்டீங்களே... அந்த ரோட்டுலதான் உக்காந்திருக்கீங்க! டாக்டரும் வந்திருக்கார். அந்தா, டீக்கடை ஓரத்துல ஹெல்மெட்டைக் கழட்டாம நிக்கிறார். நான் பாக்கல.

நிதியை வெட்டுறவன் மேல கோவப்படுங்க, எனக்கும் பத்திக்கிட்டுத்தான் வருது. இன்னிக்குப் பிரசவ வார்டுங்கிறான். நாளைக்கு அங்கன்வாடிம்பான், முதியோர் பென்சன்ம்பான். வெட்டுறது அவன்தான். ஆனா நம்ம வலியை நாமளே கொண்டுபோய் ஷெட்டுல ஒளிச்சு வச்சா, அவனுக்கு வெட்டுறது எம்புட்டுச் சுளுவு! அழுத புள்ள பால் குடிக்கும்பாங்க. நாம அழுத புள்ளையவே பூனைன்னுட்டோமே!

முப்பிடாதி தங்கச்சி முன்வரிசையில இருக்கா, பாருங்க. நிறைமாசம். வார்டை மூடிட்டா அவளுக்கு அந்த சைக்கிள் ஷெட்டும் கிடையாது. ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்சுதான்.

நாம கத்துன கத்துல திங்கக்கிழமை அதே அதிகாரி மறுபடி வர்றார். பவுடர் போடாதீங்க. காய்ச்சக்காரன் காய்ச்சலோட வா, இருமுறவன் இருமிக்கிட்டு வா. எந்திரின்னா எந்திரிக்காதே. அவர் கேப்பார், "என்ன சத்தம்?"

இந்தத் தடவை எவனாவது பூனைன்னு சொன்னீங்க... ஆமா!