கடைசி பெஞ்சு பேசிய இங்கிலீஷ்

தம்பி: ...அதான் கேக்கறேன், குரல் ஏன் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு?

அக்கா: குளிருடா. மலை மேலதானே மடம்?

தம்பி: ரிடையர் ஆனா எல்லாரும் காலை நீட்டி உக்காருவாங்க. நீ கடல் தாண்டிப் போய் பிக்குகளுக்கும் பிக்குணிகளுக்கும் சும்மா இங்கிலீஷ் சொல்லித்தர்றே.

அக்கா: மூணே மாசம்தானே! சரி, கடைசி பெஞ்சு கதையைக் கேளு.

தம்பி: அந்த வயசான பிக்குணியா? வாயே தொறக்க மாட்டாங்கன்னியே.

அக்கா: ரெண்டு மாசமா ஒரு வார்த்தை பேசலடா. நோட்டுல மட்டும் எழுதிக்கிட்டே இருப்பாங்க. ஒருநாள் வாங்கிப் பாத்தா... தலை, கழுத்து, நெஞ்சு, ஈரல்னு உடம்பு பூரா இங்கிலீஷ்ல.

தம்பி: டாக்டருக்குப் படிக்கிறாங்களா?

அக்கா: சிரிக்காதே. இங்க கிளினிக்குக்கு வெளிநாட்டு டாக்டருங்கதான் வருவாங்க. போன வருஷம் இவங்க கூட இருந்த பிக்குணிக்கு நெஞ்சுவலி. சொல்லத் தெரியல. டாக்டர் வயித்துவலின்னு நெனச்சு மாத்திரை குடுத்துட்டாரு...

தம்பி: அப்புறம்?

அக்கா: அப்புறம் என்ன... மறுநாள் இல்ல. அதுலேர்ந்துதான் இந்தப் படிப்பு.

தம்பி: அடப்பாவமே.

அக்கா: போன செவ்வாய்க்கிழமை ஒரு கேஸ். துடிச்சுக்கிட்டிருக்கு. நம்ம கடைசி பெஞ்சு கூட்டத்தை விலக்கிட்டு வந்து டாக்டர் முன்னாடி நின்னாங்க பாரு! எங்க வலி, எப்ப ஆரம்பிச்சுது, எத்தனை தடவை வாந்தி... கிராமர் எல்லாம் நொண்டி. ஆனா ஒண்ணைக்கூட விடல. குடல்வாலுன்னு கண்டுபிடிச்சு, கீழ டவுனுக்குத் தூக்கிட்டுப் போய் அன்னிக்கே ஆபரேஷன்.

தம்பி: அடேயப்பா.

அக்கா: இன்னும் கேளு. பென்சிலின் போடாதீங்க, ஒத்துக்காதுன்னு அதையும் சொன்னாங்களாம். எனக்கு இப்ப நெனச்சாலும் புல்லரிக்குது.

தம்பி: சொன்னாங்களாமா? நீ அங்கதானே இருந்தே?

அக்கா: இருந்தேன்... இருந்தேன்தான்...

தம்பி: உனக்கும் பென்சிலின் ஒத்துக்காதேக்கா.

அக்கா: வகுப்புல உதாரணத்துக்கு என்னையே சொல்லியிருந்தேன்டா. எழுதி வெச்சிருக்காங்க.

தம்பி: அப்போ அந்தக் கேஸு...

அக்கா: நான்தான். முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சரு! வலி வந்ததும் ஒரு வார்த்தை வரணுமே... அம்மா அம்மான்னுதான் கத்தினேன். அந்த டாக்டர்கிட்ட தமிழ்ல சண்டை வேற போட்டேனாம். இப்ப நல்லாயிட்டேன்டா, சத்தியமா. நீ பதறிப்போவேன்னுதான் சொல்லல. கோவமா? ஏதாவது பேசேன்...

தம்பி: எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. நீயா சொல்லட்டும்னுதான் தெரியாத மாதிரி கேட்டுக்கிட்டிருந்தேன். சாயங்காலம் தெரியாத நம்பர்லேர்ந்து போன். "யுவர் சிஸ்டர் ஆபரேஷன் ஓகே. ஸ்லீப்பிங். ஐ சிட்டிங்"னு ஒரு வயசான குரல். நான் அழுதுட்டேன். அவங்களுக்கும் அதுக்கு மேல வார்த்தை கிடைக்கல போல... போனை உன் மூக்குக்கிட்ட வெச்சுட்டாங்க. நீ மூச்சு விடறதை அரைமணி நேரம் கேட்டுக்கிட்டிருந்தேன்.