பத்தொன்பது வருஷம் மைனிங்

சுனிதா: தலைய குனிஞ்சிக்கிட்டா விட்டுருவேனா? சொல்லுப்பா. நேத்து போன்ல இன்னாதான் சொன்ன?

தாஸ்: நான் இன்னா சொன்னேன்… கேட்டதுக்கு பதில் சொன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன்.

சுனிதா: கடையில போன் எடுக்க விடமாட்டாங்கன்னு இந்த சர்வீஸ் சென்டர்காரங்களுக்கு உன் நம்பர குடுத்திருந்தேன். மத்தியானம் நீ பேசியிருக்க. சாயங்காலம் மெயில் வருது, ‘உங்க கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டுக்கு வாரண்டி கெடையாது’ன்னு. நடுவுல இன்னாப்பா நடந்துச்சு?

தாஸ்: எனக்கு இன்னாம்மா தெரியும்? அந்த பொண்ணு நல்லாத்தான் பேசுச்சு. தமிழ்லயே பேசுச்சு. கடைசில ‘தேங்க்யூ அங்கிள்’னு கூட…

சுனிதா: தேங்க்யூ சொல்லிட்டுத்தான் கழுத்த அறுப்பாங்க.

தாஸ்: நம்ம டோக்கன் எத்தன?

சுனிதா: பேச்ச மாத்தாத. பதினேழு.

தாஸ்: கார்ட அந்த துண்டுல நல்லா சுத்தி வெச்சிக்க. ஏசி ஓடுது பாரு.

சுனிதா: கைக்கொழந்தையா அது? சிவாஜிநகர்லேர்ந்து பஸ்ல மடியிலயே வெச்சிக்கினு வந்த. பக்கத்து சீட்டு அம்மாகிட்ட ‘பாத்து உக்காருங்க, ஒடம்பு சரியில்ல’ன்னு வேற சொல்ற.

தாஸ்: சரியில்லதானே…

ஸ்ரீகண்டன்: பதினேழு! நமஸ்காரா மேடம், வாங்க, உக்காருங்க. நான் ஸ்ரீகண்டன், சர்வீஸ் என்ஜினியர். கார்டுக்கு என்ன ஆச்சு?

சுனிதா: ஸ்கிரீன்ல கலர் கலரா கோடு வருது சார். மொதல்ல ரெண்டு கோடு. அப்புறம் கட்டம் கட்டமா. அப்புறம் ஒரே கருப்பு.

தாஸ்: லுங்கி மாதிரி இருக்கும் சார். நல்ல டிசைன்.

சுனிதா: அப்பா…

ஸ்ரீகண்டன்: கேபிள் மாத்தி பாத்தீங்களா?

சுனிதா: மாத்தினேன். பக்கத்து வீட்டு மானிட்டர வாங்கி மாட்டினேன். டிரைவர் சாப்ட்வேர அழிச்சிட்டு புதுசு போட்டேன். கடைசில கார்ட கழட்டிட்டு மதர்போர்டுலயே ஒயர சொருவினேன். படம் சுத்தமா வருது. அப்ப கார்டுதானே சார்?

ஸ்ரீகண்டன்: என் வேலை எல்லாத்தையும் நீங்களே செஞ்சுட்டீங்க. எதுக்கு யூஸ் பண்றீங்க இத?

சுனிதா: பகல்ல துணிக்கடையில பில் போடறேன். சாயங்காலம் த்ரீ-டி அனிமேஷன். ஒரு ஸ்டூடியோல வேலைக்கு டெஸ்ட் வெச்சிருக்காங்க. ஒரு நிமிஷம் படம் பண்ணி திங்கக்கெழம குடுக்கணும். இன்னிக்கு வியாழன். கார்டு இல்லன்னா ஒரு மாசம் ஆனாலும் முடியாது சார்.

தாஸ்: அதுல ஒரு யானை வருது சார். மெதுவா நடந்து வந்து… தும்மும்.

சுனிதா: அவரு கேட்டாரா உன்ன?

தாஸ்: நல்லா தும்மும். அதுக்கு சொன்னேன்.

ஸ்ரீகண்டன்: இருங்க, டெஸ்ட் மெஷின்ல மாட்டறேன்… ஆங், இங்க பாருங்க. மூணு ஃபேன்ல நடு ஃபேன் சுத்தல. சூடு எழுபது… எண்பத்தஞ்சு… தொண்ணூத்தேழு… வந்துச்சு பாருங்க கோடு.

தாஸ்: லுங்கி!

ஸ்ரீகண்டன்: ஹௌது சார், லுங்கியேதான். ஃபேன் பேரிங் போயிருக்கு. அந்த சூட்டுல மெமரி சிப்பும் அடி வாங்கிருக்கு. சீல் ஒடையல. துளி தூசி கூட இல்ல, யாரோ தொடச்சு தொடச்சு வெச்சிருக்காங்க. மூணு வருஷ வாரண்டில ரெண்டுதான் ஆயிருக்கு. ஸ்டாக்ல புதுசு இருக்கு, இப்பவே மாத்தி குடுத்துருவேன். ஆனா…

சுனிதா: ஆனா?

ஸ்ரீகண்டன்: உங்க கேஸ ரிஜெக்ட் பண்ணிட்டாங்களே மேடம். ‘மைனிங்’னு போட்டிருக்கு. மைனிங் பண்ண கார்டுக்கு வாரண்டி கிடையாது.

சுனிதா: மைனிங்கா?

ஸ்ரீகண்டன்: பிட்காயின் மேடம். கார்டுங்கள வரிசையா அடுக்கி, ராத்திரி பகலா ஓட விட்டு, கம்ப்யூட்டர் காசு எடுப்பாங்களே… அது. நேத்து போன்ல பேசினத எழுதியிருக்காங்க, படிக்கவா? ‘கஸ்டமர் மைனிங் செய்ததை ஒப்புக்கொண்டார். பத்தொன்பது வருஷம்.’ …பத்தொன்பதா? கார்டுக்கே ரெண்டு வயசுதானே!

சுனிதா: அப்பா.

தாஸ்: …ம்.

சுனிதா: என் மூஞ்ச பாரு.

தாஸ்: அந்த பொண்ணு ‘அங்கிள், மைனிங் பண்ணீங்களா’ன்னுச்சு. ஆமாம்மா, பத்தொன்பது வருஷம்னேன். கோலார்ல, சாம்பியன் ரீஃப்ல, மைன் மூடற வரைக்கும். அதுல இன்னா தப்பு? சர்வீஸ் சர்டிபிகேட் கூட வீட்ல கீது.

ஸ்ரீகண்டன்: ஐயோ குரு… தங்கச் சுரங்கமா!

சுனிதா: இன்னும் இன்னா எழுதிருக்கு? முழுசா படிங்க சார்.

ஸ்ரீகண்டன்: ‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? எட்டு. மூணு ஷிப்ட், நிக்காம ஓடும்.’

தாஸ்: ஞாயித்துக்கெழம லீவுன்னு சொன்னேனே, அத எழுதலியா?

ஸ்ரீகண்டன்: ‘எத்தனை ரிக் இருக்கு?’ கார்டுங்கள அடுக்கற மெஷினுக்கு ரிக்னு பேரு. ‘எங்க செக்ஷன்ல ரெண்டு.’

தாஸ்: பாறைய தொளைக்கற ரிக் சார். ரெண்டுதான். அதுல ஒண்ணு எப்பவும் ரிப்பேரு.

ஸ்ரீகண்டன்: ‘சூடு எவ்வளவு? அம்பது டிகிரி. சட்டை போட முடியாது.’ …சாரி மேடம், சிரிப்பு வருது… சட்டைன்னு அவ கையாலயே எழுதிருக்கா, அப்பவும் அவளுக்கு சந்தேகம் வரல பாருங்க.

சுனிதா: வீட்டுக்கு வா, இருக்குது உனக்கு.

தாஸ்: எனக்கும் கொஞ்சம் டவுட்டுதான். ஃபேன் கெட்டதுக்கு என் வேலைய பத்தி ஏன் கேக்கறாங்கன்னு. பெரிய கம்பெனி, அப்டித்தான் கேப்பாங்க போலன்னு விட்டுட்டேன்.

ஸ்ரீகண்டன்: ஒந்து நிமிஷா, மேனேஜர்கிட்ட பேசறேன்… சார், அந்த மைனிங் கேஸ்… ஆமா சார், நெஜ மைன். பூமிக்கு கீழ… இல்ல சார், கார்டு அப்ப பொறக்கவே இல்ல… சரி சார்… ஆய்த்து மேடம்! திருப்பி ஓபன் பண்ணிட்டாரு. அங்கிள் கையெழுத்துல ஒரு லெட்டர் மட்டும் வேணுமாம்.

சுனிதா: இந்தா பேனா. எழுது. ‘இந்த கார்டு மைனிங் பண்ணல.’

தாஸ்: ‘…மைனிங் பண்ணல. மைனிங் பண்ணது நான்.’

சுனிதா: ஐயோ, அத எழுதாத!

ஸ்ரீகண்டன்: எழுதட்டும் மேடம். ஹெட் ஆபீஸும் கொஞ்சம் சிரிக்கட்டும். அடுத்து இந்த ஃபார்ம். பேரு சுனிதா தாஸ், பிரேசர் டவுன். அனிமேஷன் வேலை. ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் ஓடும்?

சுனிதா: மூணு. ஏழுலேர்ந்து பத்து வரைக்கும்.

ஸ்ரீகண்டன்: மூணு…

தாஸ்: சார்… அத ஏழுன்னு போடுங்க.

சுனிதா: ஏழா? ஏன்ப்பா?

தாஸ்: மறுபடியும் தப்பா எழுதி, மறுபடியும் ரிஜெக்ட் பண்ணிட்டாங்கன்னா? கரெக்டா இருக்கட்டும்.

சுனிதா: மூணு நான். மீதி நாலு யாரு? எதிர்வீட்டு பூனையா?

தாஸ்: …நீ வேலைக்கு போனதும்… ஒரு பதினோரு மணிலேர்ந்து…

சுனிதா: பதினோரு மணிலேர்ந்து?

தாஸ்: லாரி.

ஸ்ரீகண்டன்: என்னது, லாரியா?

தாஸ்: லாரி ஓட்டற கேம் சார். வெளிநாட்டு ரோடு. போன வாரம் தக்காளி லோடு ஏத்திக்கினு மலை ஏறிக்கினு இருக்கறேன்… பனி கொட்டுது… திடீர்னு ரோடு பூரா லுங்கி. அப்புறம் டப்புனு கருப்பு. நான்தான் ஓட்டி ஓட்டி கொளுத்திட்டேன்னு நெனச்சேன்மா. உன் யானை உள்ளயே மாட்டிக்கிச்சேன்னு சோறு எறங்கல எனக்கு. அதான் போன் வந்ததும் உன்ன கூப்பிடாம நானே பேசி, எப்டியாவது முடிச்சு குடுத்துரலாம்னு…

ஸ்ரீகண்டன்: அங்கிள், கேம் ஆடறதுக்குத்தான் இந்த கார்டே. பேரிங் போனது கார்டு செஞ்சவங்க தப்பு. உங்க லாரி மேல ஒரு கேசும் இல்ல. நான் போய் புது பாக்ஸ எடுத்துட்டு வரேன்.

தாஸ்: …சுனிதா.

சுனிதா: இன்னாப்பா?

தாஸ்: திட்டிடும்மா. நீ திட்டாம இருந்தா பயமா கீது. உன்ன கேக்காம உன் பொருள தொட்டுட்டேன். தெரியக் கூடாதுன்னு நாக்காலிய கூட இருந்த எடத்துலயே தள்ளி வெச்சிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஒரு வருஷமா உன்கிட்ட மறைச்சிட்டேன்.

சுனிதா: அந்த லாரி தானா வந்து கம்ப்யூட்டர்ல ஏறிக்கிச்சுன்னா நெனச்ச? போன வருஷம் பீன்யா கம்பெனி வேலைய விட்டுட்டு வந்து, யார்கிட்டயும் பேசாம சீலிங்கயே பாத்துக்கினு படுத்திருந்தியே… அப்ப நான்தான்ப்பா அந்த கேம போட்டேன். குடுத்தா வேணாம்னுவ. அதான் ஸ்கிரீன் நடுவுல பெரிசா ஒரு லாரி படத்த வெச்சிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வேலைக்கு கெளம்பி போயிட்டேன்.