கையைக் காட்டியதை மறைக்காத மருதப்பனாருக்கு

சீர்மிகு சிங்கையின் சிராங்கூன் சாலையை முப்பத்திரண்டு ஆண்டுகள் சக்கரத்தாலும் சொல்லாலும் காத்து நின்ற செம்மலே! பிரேக்கில் கால் வைக்கும் முன்பே பின்னால் வருபவனை எண்ணிப் பார்க்கும் பெருந்தகையே! பயிற்சித் திடலின் பேராசானே! இன்று ஓய்வு பெறும் எங்கள் டிப்போவின் மூத்த ஓட்டுநர் மருதப்பனாரே, வணக்கம்!

இதோடு உங்களை விளிப்பதை நிறுத்திக்கொள்கிறோம். நேருக்கு நேர் புகழ்ந்தால் நீங்கள் எழுந்து வெளியே போய், வாசலில் நிற்கும் பஸ்ஸின் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே அவையோரைப் பார்த்தே பேசுகிறோம். யாரோ ஒருவருடைய கதை என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள், ஐயா!

அவையோரே! 1935ஆம் ஆண்டு இந்த டிப்போவில் மருதப்பனார் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்து மூன்று. அந்தக் காலத்தில் சாலை விதியை ஆளுக்கொன்றாக வைத்திருந்தோம். ஹாரன் அடித்துவிட்டால் சட்டம் தன் பக்கம் என்று லாரிக்காரர் நம்பினார். மணி அடித்தால் பிரேக் பிடித்ததற்குச் சமம் என்று சைக்கிள்காரர் நம்பினார். பிறகு ஐம்பதுகளில் சாலையின் குறுக்கே கறுப்பு வெள்ளைப் பட்டை தீட்டினார்கள். அதில் கால் பட்டதும் மோட்டாரெல்லாம் தானாக நின்றுவிடும் என்று நடப்பவர் நம்பினார். ஆள் நட்டநடுவே வந்த பிறகு நின்றால் போதும் என்று ஓட்டுபவர் நம்பினார். அடேயப்பா! இத்தனை நம்பிக்கைகளுக்கு நடுவே ஜனங்கள் முழுசாக வீடு திரும்பியதே பெரிய காரியம்.

எங்கள் டிப்போவுக்கும் சொந்தமாக ஒரு நம்பிக்கை இருந்தது. அதற்குக் ‘கை கொடுப்பது’ என்று பெயர். சாலையோரம் யாராவது காத்து நின்றால் பஸ்ஸை நிறுத்தி, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து “வாங்க, வாங்க, போங்க” என்று கையசைத்து அனுப்பிவைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் போன ஓட்டுநரை அன்று சாயங்காலமே தேநீர் மேசையில் நார் நாராகக் கிழித்துவிடுவோம். மரியாதை தெரியாத பயல் என்று பெயர் வாங்கிவிடுவான். இந்தக் கலையில் மன்னர் மருதப்பனார்தான். மாப்பிள்ளையை வீட்டுக்குள் அழைப்பதுபோல் அழைப்பார். மருதப்பன் கை ஆடினால் இடமும் பார்க்க வேண்டாம், வலமும் பார்க்க வேண்டாம் என்று தேக்கா வட்டாரத்தில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். அதைக் கேட்டு அவருக்கும் பெருமை, எங்களுக்கும் பெருமை.

1956ஆம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஃபேரர் பார்க் பக்கத்துப் பட்டையருகே பால் விற்கும் ரத்தினம்மா தூக்குவாளியோடு நின்றிருந்தார். மருதப்பனார் பஸ்ஸை நிறுத்தினார், கையை ஆட்டினார். அந்த அம்மாள் அந்தக் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு நடந்தார். பஸ்ஸின் மூக்கைத் தாண்டி இரண்டாவது அடி வைத்தபோது, பின்னாலிருந்து ஒரு லாரி பஸ்ஸை முந்திக்கொண்டு பாய்ந்தது. ஐயோ, அந்தச் சத்தத்தை அவர் இன்றும் தூக்கத்தில் கேட்கிறாராம். அந்த அம்மாளின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

லாரிக்காரர் போலீசிடம் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பஸ்ஸுக்கு முன்னாலிருந்து அந்தப் பெண் திடீரென்று ஓடிவந்தாள் என்றார். நம் ஆட்களோ வேறொரு கவலையில் இருந்தார்கள். மருதப்பனார் கை காட்டிய செய்தி வெளியே தெரிந்தால் அவருடைய லைசென்ஸ் போய்விடும், வீட்டில் ஐந்து பிள்ளைகள். அவருடைய பஸ் கண்டக்டர் ஜலாலுதீன், பின்னால் வந்த பஸ்ஸின் ஓட்டுநர் வடிவேலு, நிறுத்தத்தில் நின்ற நேரக் கணக்கர் துரைசாமி ஆகிய மூவரும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். பஸ் நின்றது, யாரும் கை காட்டவில்லை, அந்தப் பெண்மணி பார்க்காமல் ஓடினார் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கம்பெனியிலும் போலீசிலும் கொடுத்தார்கள்.

“அண்ணே, கையைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதீங்க,” என்றார் வடிவேலு. “லைசென்ஸ் போயிடும்லா. நாங்க எல்லாம் எழுதிக் குடுத்துட்டோம்.”

“என்னைக் கேக்காமயா எழுதுனீங்க?”

“கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க. அதான் கேக்கல,” என்றார் ஜலாலுதீன்.

மருதப்பனார் மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த அம்மாளின் காலை மாவுக்கட்டில் தூக்கிக் கட்டியிருந்தார்கள். வலிக்குதாம்மா என்று கேட்கத்தான் வாயெடுத்தார். ரத்தினம்மா முந்திக்கொண்டார்.

“டிரைவரண்ணே, நீங்க கை காட்டுனீங்கதானே? நான் கண்ணால பார்த்தேன்தானே?”

அவர் பழச்சீப்பைக் கட்டிலோரம் வைத்தார்.

“கால் போனாக்கூடப் போவுது அண்ணே. பார்க்காம ஓடுனா, கொழுப்பெடுத்தவன்னு மாட்டுக்கொட்டாய்ல எல்லாம் பேசுறாங்களாம். பஸ்காரங்க மூணு பேரு எழுதியே குடுத்துட்டாங்கன்னு போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து மாத்தா வந்து சொல்லிட்டுப் போறாரு. மூணு பேரு சொன்னா எனக்கே சந்தேகமா இருக்கு. நான் ஓடுனேனா?”

“ஓடலம்மா,” என்றார் மருதப்பனார். “நான் காட்டுனேன். நீங்க நடந்தீங்க.”

“அதைக் கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?”

அந்தக் கேள்வியோடுதான் அவர் வீடு திரும்பினார். சொன்னால் சோறு போகும், சொல்லாவிட்டால் அந்த அம்மாளின் பெயர் போகும். மூன்று வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் துணைவியார் சிவகாமசுந்தரி அம்மையார் எங்களிடம் பிற்பாடு சொன்னார். அந்த மூன்று வாரமும் அவருக்குத் தைரியம் சொல்ல நாங்கள் யாரும் போகவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லத்தான் போனோம்.

வழக்கு நாள் வந்தது. மருதப்பனார் கூண்டில் ஏறியதும், யாரும் கேட்காமலேயே, “ஐயா, நான்தான் கை காட்டினேன்,” என்றார். சாட்சிப் பலகையில் இருந்த எங்கள் மூவருக்கும் முகத்தில் ஈயாடவில்லை.

கை காட்டும் அதிகாரத்தை உமக்கு யார் கொடுத்தது என்று நீதிபதி மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்.

“யாரும் குடுக்கல ஐயா. மரியாதைன்னு நெனச்சுப் பண்ணேன். என் பஸ்ஸை நான் நிறுத்தலாம். பின்னால வர்ற லாரி நிக்குமான்னு எனக்குத் தெரியாது. தெரியாம ‘போங்க’ன்னு சொன்னது என் தப்பு. அந்த அம்மா ஓடல. என்னை நம்பி நடந்தாங்க.”

லாரிக்காரர் தண்டனை பெற்றார். மருதப்பனாரை நீதிபதி கடுமையாக எச்சரித்து விட்டுவிட்டார், கம்பெனி விடவில்லை. மூன்று மாதம் வேலைக்கு வரக்கூடாது என்றது, திரும்பி வந்த பிறகும் ஸ்டியரிங்கைத் தரவில்லை. இருபத்தோரு ஆண்டு ஓட்டியவர் நான்கு ஆண்டுகள் பஸ் கழுவினார். நாங்களோ அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்களைப் பொய்யராக்கிவிட்டாரே என்று கோபம்! பொய் சொன்னதும் நாங்கள், கோபித்துக்கொண்டதும் நாங்கள். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல? அவர் வாளியோடு வந்தால் தேநீர் மேசையில் இடமில்லை என்பதுபோல் காலை அகட்டி உட்கார்ந்தோம். அவர் குவளையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவார்.

1960இல் பயிற்சித் திடல் திறந்தபோது, புதிய ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடிய கம்பெனி கடைசியில் அவரிடமே வந்தது. அன்று முதல் இன்றுவரை இந்த டிப்போவிலிருந்து சக்கரம் பிடித்த ஒவ்வொருவரும் அவருடைய முதல் பாடத்தைக் கேட்டுவிட்டுத்தான் பிடித்தார்கள்.

“கை பின்னால வர்றவனுக்குத்தான்டா. ஜன்னலுக்கு வெளியே நீட்டு, மேலும் கீழும் ஆட்டு, நிக்கப்போறேன்னு சொல்லு. முன்னால நிக்கிறவங்களுக்குக் கை கிடையாது. நீ நில்லு, அது போதும். போறதா வேணாமான்னு அவங்க கண்ணு பார்த்து முடிவு பண்ணட்டும்.”

“மரியாதை இல்லாத மாதிரி இருக்காதா சார்?” என்று எவனாவது கேட்பான்.

“என் மரியாதையாலதான்டா ஒரு அம்மா இன்னிக்கும் நொண்டுறாங்க,” என்பார். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் ஒவ்வொரு முறையும் உடையும். பதினோரு வருஷம் ஆகியும் பழகவில்லை அவருக்கு.

பெருந்தகையே! இனி உங்களைப் பார்த்தே பேசுகிறோம். உங்கள் வழக்கு முடிந்துவிட்டது. எங்கள் கடிதம் மட்டும் இன்றும் கம்பெனிக் கோப்பில் கிடக்கிறது. அதைத் திரும்பப் பெறுங்கள் என்று நீங்கள் ஒருநாளும் எங்களைக் கேட்டதில்லை. நாங்களாகவும் பெறவில்லை. இந்த மடலைக் கண்ணாடி போட்டு டிப்போ வாசலில் மாட்டப்போகிறோம். அந்தக் கோப்பைத் திறப்பவர்கள் சிலபேர்தான், இந்த வாசலில் எல்லாரும் நுழைவார்கள். ஆகவே இதை இங்கே எழுதுகிறோம்.

முன்வரிசையில் கைத்தடியோடு அமர்ந்திருக்கும் ரத்தினம்மா அவர்களே, நீங்கள் ஓடவில்லை. பட்டையருகே நின்றீர்கள், எங்கள் ஓட்டுநரின் கையைப் பார்த்தீர்கள், நடந்தீர்கள். மூன்று பேர் பார்த்தோம். மூன்று பேரும் மாற்றி எழுதினோம். எங்களை மன்னியுங்கள், அம்மா.

மருதப்பனாரே! மூட்டுவலி தீண்டாமலும் கண்ணொளி குன்றாமலும், பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு சாலை கடக்கும் நல்ல நாள்கள் நெடுங்காலம் உங்களுக்கு வாய்க்கட்டும்! தேநீர் மேசையில் உங்கள் இடத்தில் இனி யாரும் காலை அகட்டி உட்காரமாட்டோம். நாளைக் காலையும் வாருங்கள்.

சிங்கப்பூர், 1967

மேலே எழுதியது உண்மை என்று கையொப்பமிடுவோர்:
ஜலாலுதீன், கண்டக்டர்
வடிவேலு, ஓட்டுநர்
துரைசாமி, நேரக் கணக்கர்

இவர்களோடு, அன்று வாய்மூடியிருந்த டிப்போ ஊழியர் அனைவரும்.