முதுகுவலி என்று எழுதிய பலகை

தலைமை வகிக்கும் வர்த்தகர் சங்கத் தலைவர் நடராஜா ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, றக்வானைக் கடைவீதியிலிருந்தும் மேல்மலைத் தோட்டங்களிலிருந்தும் மழையில் நனைந்து வந்திருக்கும் சொந்தங்களே, அக்காவைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் தம்பி யோகராஜ் அவர்களே, மண்டபத்தின் பின்பக்கம் பாயில் நெருங்கி உட்கார்ந்திருக்கும் என் சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் தோட்டப் பாடசாலை ஆசிரியை கிருஷ்ணகுமாரி. இந்த அஞ்சலிக் கூட்டத்தில் மாதர் சங்கத்தின் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும், அமரர் வைத்தியர் சுகந்தினி அவர்களை முதுகுவலி தீர்த்தவர் என்று புகழ்ந்தார்கள். எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பதாகையிலும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். பெரியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். முதுகுவலியா? இத்தனை பெண்கள் வேலைக்குப் போகாமல் வந்து இங்கே அழுதுகொண்டிருப்பது முதுகுவலிக்காகவா?

இல்லை! அவர் வைத்தியம் பார்த்தது மாதவிலக்கு வலிக்கு. முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள் ஐயா, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். கருப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வைப் போன்ற ஒன்று சில பெண்களுக்குக் கருப்பைக்கு வெளியே வளர்கிறது. மாதாமாதம் அதுவும் வீங்கி, இரத்தம் கசிந்து, குடலோடும் கருமுட்டை விளையும் சூலகத்தோடும் ஒட்டிக்கொள்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் என்று அதற்குப் பெயர். நாங்கள் அதற்கு வைத்த பெயர் முதுகுவலி. மாமியாரிடம் முதுகுவலி, புருஷனிடம் முதுகுவலி, காலையில் பேர் பதியும் பிரட்டுக் களத்தில் கங்காணியிடமும் முதுகுவலி. ஆம்பளைகள் காதில் வேறு எதைச் சொல்ல முடியும்?

கொழும்பில் அக்கியூபங்சர் படித்து முடித்துவிட்டு வைத்தியர் சுகந்தினி ஊருக்குத் திரும்பியபோது, முதலில் பலகையில் ‘பெண்கள் நோய்’ என்று எழுதி மாட்டினார். ஒரு பெண்ணாவது போனாளா? கடைவீதியில் நாலுபேர் பார்க்க அந்தப் பலகைக்குக் கீழே யார் நுழைவது? கடைசியில் அவரே அதைக் கழற்றிவிட்டு ‘முதுகுவலி, மூட்டுவலிக்குச் சீன ஊசி வைத்தியம்’ என்று எழுதினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவருடைய மாடி அறைக்கு ஏறும் படிக்கட்டு நிறைந்துவிட்டது! நம் வேலுசாமி கங்காணி ஐயாவும் அந்தப் பலகையை நம்பிப் போய், முழங்காலில் ஊசியோடு அத்தனை பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். "நம்ம தோட்டத்துப் பொம்பளைக அத்தனை பேருக்குமா முதுகு போச்சு?" என்று என்னிடமே கேட்டார்.

நம் அழகம்மா, அந்த நாட்களில் வலி தாங்காமல், மலையில் கொழுந்துக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றவர். தலைசுற்றி விழுந்தால் சோம்பேறி என்று பட்டம் கட்டி, அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போட்டு லயத்து வீட்டுக்கு விரட்டுவார்கள். அவருக்குக் கணுக்காலுக்கு மேலேயும் அடிவயிற்றிலும் இடுப்புக்குக் கீழேயும் மயிரிழை போன்ற ஊசிகளைக் குத்தி, மூலிகைத் திரியைக் கொளுத்தி வயிற்றுக்கு மேலே சூடு காட்டினார் வைத்தியர். தேங்கிய இரத்தமும் குளிரும்தான் வலி என்பது சீன வைத்தியத்தின் கணக்கு. அழகம்மா அந்தக் கட்டிலிலேயே தூங்கிப்போனார். எழுந்ததும், "டொக்டரம்மா, எனக்குச் சொகமாயிருச்சுங்க" என்று காலைத் தொடப் போனார்.

வைத்தியருக்குக் கோபம் வந்துவிட்டது! "சொகமாயிருச்சுன்னு சொல்லாதீங்க. வலி எறங்கியிருக்கு, அவ்வளவுதான். நோய் உள்ளதான் இருக்கு. ஸ்கேன் எடுக்கணும், பெரிய டொக்டரப் பாக்கணும், நானே கூட வர்றேன்" என்றார். சொன்னபடியே ஆஸ்பத்திரிக்கு வளைவு வளைவாய் இறங்கும் பஸ்ஸில் கூடப் போனார். அங்கே சிங்களத்தில் கேட்டதற்குச் சிங்களத்தில் பதில் சொல்லி, வெட்கப்பட்டு நின்றவர்களுக்காகத் தானே வாய்திறந்தார். எங்களுக்கு அந்த ஊசி மட்டுமா பெரிது? எங்களுக்காகப் பேசிய அந்த வாய் பெரிது!

அந்த வாய் தனக்காகப் பேசவில்லையே!

அவருக்கும் அதே நோய். சூலகத்தில் இரத்தக்கட்டி இருந்தது. கணுக்காலிலும் வயிற்றிலும் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்வார். இடுப்புக்குப் பின்னால் கை எட்டாது. அங்கே மருந்துக்கடை மர்லியா திரி பிடித்துச் சூடு காட்டுவார். கொழும்பில் ஒப்பரேஷனுக்கு நாள் கேட்டிருந்தார். இதெல்லாம் மர்லியாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வீட்டில் தம்பிக்கு மட்டும் தெரியாது. தம்பியிடம் அவரும் முதுகுவலி என்றுதான் சொல்லிவைத்திருந்தார். கூடப்பிறந்தவன் என்றாலும் ஆம்பளை அல்லவா!

அன்று காலை அவர் குசினி அடுப்படியில் சுருண்டு விழுந்தார். யோகராஜ் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு மலையை விட்டு இறங்கினார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நம் வைத்தியருக்குப் பேச்சில்லை. "மொகத அமாருவ?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். என்ன வருத்தம் என்று கேட்டால் தம்பி என்ன சொல்வார்? "கொந்தே அமாருவ, ஹுங்கக் கல் இந்தலா" என்றார். முதுகுவலி, ரொம்பக் காலமாக. வலிக்கு ஊசி போட்டு ஓரமாகப் படுக்க வைத்தார்கள். கட்டி வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் நிறைந்திருந்ததைக் கண்டுபிடித்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. ஐயோ, எங்கள் எல்லோருக்கும் மறைப்பாக இருந்த பொய், அவரையே கொண்டுபோய்விட்டதே!

தம்பி யோகராஜ், "நான்தான் அக்காவக் கொன்னுட்டேன் டீச்சர்" என்று மயானத்தில் கத்தினீர்கள். இல்லை தம்பி. உங்களுக்குச் சொல்லியிருந்ததைத்தான் நீங்கள் சொன்னீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை.

இனி என்ன செய்வது? சவம் எடுத்த அன்றே பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வர்ற மாசம் நாங்க எங்க டீச்சர் போறது?" என்று கேட்டார்கள். நமக்குத் துக்கம் என்று வலி தள்ளி வருமா? மர்லியா அந்த ஊசி வைத்தியப் படிப்புக்குக் கொழும்புக்குப் போகிறேன் என்கிறார். அவர் படித்துத் திரும்பும்வரை அந்த ஊசிப்பெட்டியை யாரும் தொடப்போவதில்லை. படிக்காத கை ஊசியைத் தொடக்கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் கிடக்கவேண்டும். இதைவிட ஆறுதலாக எதையும் சொல்ல எனக்குத் தெரியவில்லை சகோதரிகளே.

ஆனால் ஒன்றைச் செய்ய முடியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் படிக்கட்டுக் கதவைத் திறப்போம். பழைய பலகையைக் கழற்றிவிட்டு, அவர் முதன்முதலில் எழுதியதையே மாட்டுவோம். வலியோடு வருகிறவளை மாதர் சங்கத்தில் ஒருத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், உள்ளதை உள்ளபடி சொல்லுவாள். இது வைத்தியர் சுகந்தினியின் படத்துக்கு முன்னால் நான் செய்யும் சத்தியம்!

உள்ளதைச் சொல்வதை இங்கேயே தொடங்குகிறேன். எனக்கு முதுகுவலி இல்லை. எனக்கு மாதவிலக்கு வலி. அந்த நாட்களில் வகுப்பில் மேசையைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துகிறேன். எனக்கும் இதே நோய்.

பின்னால் யாரது எழுந்திருப்பது? அழகம்மாவா? சத்தமாச் சொல்லுங்க அக்கா, மைக் இல்லாட்டியும் பரவாயில்ல. கேட்டீர்களா பெரியவர்களே? "எனக்கும் அதேதாங்க" என்கிறார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். தூணுக்குப் பின்னால் இந்திராணியும் அவர் மகளும். வேலுசாமி ஐயா, வெளியே போகாதீங்க, உக்காருங்க. அவங்க நிக்கட்டும்.

தம்பி யோகராஜ், தலையைத் தூக்கிக் கொஞ்சம் பின்னால திரும்பிப் பாருங்க. உங்க அக்கா வைத்தியம் பாத்தது இவங்களுக்குத்தான்.