எல்லா மெஷின்லயும் ஒரே பேர்

சிவசம்பு: ...நிறுத்து. மெஷினைத் தொடறதுக்கு முன்னால யார் யார் இருக்கோம்னு சொல்லிடறேன். பின்னால பிரிக்பீல்ட்ஸ் ஏரியா முழுக்கப் பேசும்போது கதையில ஆள் கூடிடும். நான், சிவசம்பு. என் மகள் குணேஸ்வரி. கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற ராதாகிருஷ்ணன். அவ்வளவுதான். வேற யாரும் கிடையாது.

ராதாகிருஷ்ணன்: கோர்ட்டா அங்கிள் இது? கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?

சிவசம்பு: கையைக் கட்டிக்கிட்டா வேலையை யார் பார்க்கிறது, உன் முதலாளியா?

குணேஸ்வரி: அப்பா, பாவம், லீவு நாள்ல செந்தூல்லேர்ந்து வந்திருக்காரு...

சிவசம்பு: நானா கூப்பிட்டேன்? நீ கூப்பிட்ட. எனக்குத்தான் ஆள் யாருன்னு தெரியுமே. பக்கிரிசாமி. நாளையிலேர்ந்து அவனுக்கு இங்க வேலை இல்லை.

ராதாகிருஷ்ணன்: என்ன லா பண்ணினாரு?

சிவசம்பு: நேத்து காஜாங்லேர்ந்து இவளைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. மேல வீடு, கீழ ஆபீஸ். மாடிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால நம்ம கம்ப்யூட்டரையெல்லாம் காட்டினேன்...

குணேஸ்வரி: பொண்ணு எங்கேன்னு அவங்க கேட்கிறாங்க. இவரு பிரிண்டரைக் காட்டுறாரு.

சிவசம்பு: ...மாப்பிள்ளையோட அப்பா குனிஞ்சு பார்க்கிற நேரம். எல்லா ஸ்க்ரீன்லயும் ஒரு வரி. ‘பொண்ணுக்குச் சம்மதம் இல்லை.’ தேத்தண்ணி கூடக் குடிக்காம எழுந்து போயிட்டாங்க.

ராதாகிருஷ்ணன்: அனுப்பினவங்க பேரும் வந்திருக்குமே?

குணேஸ்வரி: வந்துச்சு. ‘சிவசம்பு.’

ராதாகிருஷ்ணன்: ...அங்கிள்?

சிவசம்பு: என்னை ஏன் பார்க்கிற? எல்லா மெஷின்லயும் அந்தப் பேர்தான். கம்பெனி என்னோடது. கண்ட பேரும் எதுக்கு?

ராதாகிருஷ்ணன்: ஆளுக்கு ஒரு பேர் வைங்கன்னு அன்னைக்கே சொன்னேன் லா. சரி, பேரை யாரும் போட்டுக்கலாம். உள்ள நெட்வொர்க் கார்டு இருக்கு பாருங்க, கேபிள் சொருகுற அட்டை... செய்யறப்பவே அதுக்கு ஒரு நம்பர் போட்டுடுவாங்க. நம்ம ஐசி, அடையாள அட்டை நம்பர் மாதிரி, ஒண்ணோட நம்பர் இன்னொண்ணுக்கு வராது. மெசேஜ் எந்த நம்பர்லேர்ந்து வந்துச்சுன்னு சர்வர்ல பதிவாகியிருக்கு. கடைசி நாலு எழுத்து... ஏழு எஃப், ரெண்டு சி.

சிவசம்பு: கடைசி மட்டும் போதுமா? முன்னால உள்ளது?

ராதாகிருஷ்ணன்: எல்லாம் ஒண்ணா வாங்கின கார்டு. முன்பாதி செஞ்ச கம்பெனியோட நம்பர், எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

சிவசம்பு: கேட்டுக்கோ குணேஸ்வரி. ஒரு அட்டைக்குக் கூட குடும்பப் பேர் இருக்கு.

குணேஸ்வரி: சொந்தமா ஒரு நம்பரும் இருக்குப்பா. அதையும் கேட்டுக்கோங்க.

ராதாகிருஷ்ணன்: இருங்க... பக்கிரிசாமி மெஷின்... ஏழு எஃப், ஒண்ணு ஒம்பது. இது இல்லை.

சிவசம்பு: மறுபடி பாரு.

ராதாகிருஷ்ணன்: முறைச்சுப் பார்த்தாலும் மாறாது அங்கிள்.

குணேஸ்வரி: என் மெஷினையும் பாருங்க.

சிவசம்பு: உன்னுது எதுக்கு? என் மகளையே சோதிக்கிற அளவுக்கு...

குணேஸ்வரி: பாருங்கண்ணே.

ராதாகிருஷ்ணன்: ...இதுவும் இல்லை. பாக்கி ஒண்ணுதான். அங்கிள் ரூம்ல இருக்கிறது.

சிவசம்பு: அதுவா? முதலாளிக்கு ஒண்ணு வேணுமேன்னு வாங்கினது. ஆயுத பூசைக்குச் சந்தனம் வச்சு, துணி போட்டு மூடினதோட சரி. நான் தொட்டதே இல்லை.

குணேஸ்வரி: சாவியைக் குடுங்கப்பா.

சிவசம்பு: வேண்டாம். வெளியாள் எவனோ பண்ணியிருக்கான், விடு...

குணேஸ்வரி: அப்போ பக்கிரிசாமிக்கு நாளைக்கு வேலை இருக்கா?

சிவசம்பு: இந்தா சாவி. திற.

ராதாகிருஷ்ணன்: ஆ... துணியை அழகா மடிச்சு வச்சிருக்கு அங்கிள்.

சிவசம்பு: துணியைப் பார்க்கவா வந்த? நம்பரைச் சொல்லு.

ராதாகிருஷ்ணன்: ஏழு எஃப்... ரெண்டு சி. நேத்து அந்த நேரத்துல இந்த ரூம்ல யாரு அங்கிள்...

சிவசம்பு: ராதாகிருஷ்ணன். உன் வேலை நம்பரோட முடிஞ்சுது.

ராதாகிருஷ்ணன்: ஓகே, ஓகே.

சிவசம்பு: குணேஸ்வரி. கூப்பிடற வரைக்கும் பொண்ணு கண்ணுல படக் கூடாதுன்னு, உன்னை இங்க உட்கார வச்சுக் கதவைச் சாத்தினது யாரு?

குணேஸ்வரி: நீங்கதான்பா.

சிவசம்பு: வாயால சொல்றதுக்கு என்ன?

குணேஸ்வரி: சொன்னேனே. ‘வார்த்தை குடுத்தாச்சு’ன்னீங்க. ஸ்க்ரீன்ல வந்தா நீங்க பார்ப்பீங்கன்னு தெரியும்.

சிவசம்பு: பிறகு எதுக்கு நீயே இவனைக் கூட்டிட்டு வந்த? பேசாம இருந்திருக்கலாமே.

குணேஸ்வரி: பக்கிரிசாமி என்ன பாவம் பண்ணினாரு?

ராதாகிருஷ்ணன்: அங்கிள்... போன். சம்பந்தம் பேசினவராம், சீவரத்தினம். ஊர்ல என்னமோ பேச்சாம்.

சிவசம்பு: குடு. ...ஆமா, நான்தான். ...யாரு சொன்னது? ...பக்கிரிசாமியா? அவனுக்கும் என் மகளுக்குமா? ...இருங்க. கொஞ்சம் இருங்க.

ராதாகிருஷ்ணன்: என்ன சொல்லப் போறாரு?

குணேஸ்வரி: ஷ்ஷ்... தெரியலை.

சிவசம்பு: சீவரத்தினம், நல்லாக் கேட்டுக்கோங்க. நீங்க கேள்விப்பட்டது பொய். பக்கிரிசாமி அனுப்பலை. என் மகளும் அனுப்பலை. நான் அனுப்பினேன். என் ரூம்லேர்ந்து.

ராதாகிருஷ்ணன்: அங்கிளுக்கு சுவிட்ச் எங்க இருக்குன்னே தெரியாதே...

குணேஸ்வரி: பேசாம இருங்கண்ணே!

சிவசம்பு: ...என்ன சந்தேகம்? ஸ்க்ரீன்ல யார் பேர் இருந்துச்சு? சிவசம்பு. என் பேர் போட்டு வந்தா அது என் வார்த்தை.