எருக்கஞ்செடிக்குக் கம்பளி

கவுக்காதண்ணே, கவுக்காத! தபாலாபீசுல வேல பாக்குற மனுசன், பொட்டியில எது தல, எது காலுன்னு பாக்க வேணாமா? அந்த அம்புக்குறி இன்னா அழகுக்கா போட்டிருக்குது? அது வானத்தப் பாத்துக்கினு நிக்கணும். பிரான்சு போயி மர்சேய்ல கப்பல விட்டு எறங்கி, லியோன் போயி சேர்ற வரைக்கும் அப்படியே நிக்கணும். ஆங், அப்படித்தான். மெதுவா.

உள்ள இன்னாவா? செடிதாண்ணே. மேலயே எழுதியிருக்குதே, பிளான்த் தப்பார்த்மான்னு. வூட்டுக்குள்ள வெச்சு வளக்குற செடின்னு அர்த்தம். கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு படிச்சவ நானு. பிழை இருந்தா சொல்லு, திருத்திக்கிறேன். இருக்காது.

இன்னா செடின்னா... எருக்கு.

சிரி. நல்லா சிரி. சிரிச்சிட்டு சொல்லு, நான் நிக்கிறேன். பாகூர் ஏரிக்கரை பூரா மாடுகூட திரும்பிப் பாக்காம கெடக்குது, இதுக்குப் போயி கப்பலா, அதானே? இங்க கெடக்குதுண்ணே. லியோன்ல கெடக்குதா? தை மாசம் அங்க வாசல்ல தண்ணி கொட்டினா அது கல்லாயிடுதாம். அந்த மண்ணுல எருக்கு எங்கேர்ந்து மொளைக்கும்?

யாருக்குன்னா, நம்ம கரையாம்புத்தூரு பச்சையப்பன் இல்ல? பட்டாளத்துல சோல்தாவாப் போயி அங்கியே வேல தேடிக்கினு தங்கிட்டாரே, அவருக்குத்தான். ஆமா, ரெண்டு பொண்டாட்டியையும் வாரிக் குடுத்தவரு. அவரேதான்.

ஐப்பசியிலயே ஒரு செடி அனுப்பினாங்கண்ணே, அது இந்த ஆபீசு வழியாப் போவல. அவரு அண்ணங்காரரு கண்ணையன் கட்டினது. வழியில தாகம் எடுக்கும்னு பாசத்துல ஒரு கொடம் தண்ணிய ஊத்தி, சேத்தோட தகரப் பொட்டியில அடைச்சு அனுப்பிட்டாரு. தகரம் குளிர எவ்ளோ வேகமா உள்ள விடும்? தண்ணி உறைஞ்சு, வேரு வெடிச்சு, அங்க தொறந்து பாத்தா கொழம்புல வெந்த கத்திரிக்கா மாதிரி கருப்பா கெடந்துதாம். ஈரந்தாண்ணே எமன். குளிருகூட அப்புறந்தான்.

நானு அப்படியா கட்டினேன்? சின்னக் கன்னா பாத்து எடுத்து, சட்டியில வெச்சு வேரு புடிக்க விட்டேன். பொறவு தண்ணியக் கொறச்சிக்கினே வந்தேன். மண்ண கையில புடிச்சா ஒட்டவும் கூடாது, பொடியாவும் உதிரக் கூடாது. வேர சுத்தி தேங்கா நாரு. அதுக்கு மேல கம்பளி. எங்கப்பாவோடதுதான், நாலு நாளா தேடிக்கினு இருக்காரு, நீ கண்டா வாயத் தொறக்காத. எலையெல்லாம் மேல கூட்டி, கொடைய மடக்கற மாதிரி மெல்லுசு துணியால கட்டியிருக்கேன். ஒடிஞ்சா பால் வடியும், கண்ணுல பட்டா கண்ணு போயிடும். அதுக்குதான் ஆட்டாதன்றேன். பலகப் பொட்டிக்குள்ள நாலு பக்கமும் காஞ்ச உமி. உமி எதுக்குத் தெரியுமா? உமிக்கு நடுவுல நிக்கிற காத்துதான் குளிர மறிக்குது. உமி சும்மா காத்தப் புடிச்சு வெச்சிருக்குது, அவ்ளோதான். நெறய பேரு உமிதான் சூடுன்னு நெனச்சிக்கினு இருக்காங்க.

அந்தச் செவப்பு எழுத்தா? குளிருக்குப் பயப்படும்னு போட்டிருக்குது. சிரிக்காத, அந்த ஊருல செடிப் பொட்டி மேல அப்படித்தான் எழுதுவாங்க. அவருக்கும் தனியா சொல்லி அனுப்பியிருக்கேன்: வந்தவொடனே நெருப்பாண்ட வெக்காத, நெருப்பு மூட்டாத அறையில வெச்சு ஒவ்வொரு சுத்தா அவுரு, மொத நாளு தண்ணி காட்டாதன்னு. ஆம்பளைக்கு சொல்லலன்னா அடுப்பு மேலயே தூக்கி வெச்சிடுவாங்க.

ஒரு எருக்குக்கு எதுக்கு இவ்ளோ பாடா? மரியதாஸண்ணே, நீ மாதா கோயிலுக்குப் போறவரு, ஒனக்கு இது தெரிஞ்சிருக்காது. எங்களுக்குள்ள மூணாந்தாரம் ஆவாது. மூணாவதா வர்றவ தங்க மாட்டாளாம். அதனால மூணாவதா எருக்கஞ்செடிக்கு தாலி கட்டுவாங்க. கட்டி, அத்த வெட்டிப் போட்டுடுவாங்க. பொறவு வர்ற பொண்ணு நாலாவது ஆயிடுறா, தப்பிச்சிக்கிறா. எமனுக்கு மூணுக்கு மேல எண்ணத் தெரியாது போல.

இங்கியே வந்து கட்டிக்கலாம்தான். லீவு குடுக்க மாட்டேன்றாங்களாமே! பொண்ணுதான் பங்குனியில அங்க போவுது, கண்ணையன் கூட்டிக்கினு போறாரு. ஆனா பொண்ணு கண்டிசனா சொல்லிட்டா. எருக்குக்கு தாலி ஏறிடிச்சின்னு சேதி வந்தாத்தான் கப்பல்ல கால் வெப்பாளாம்.

அந்த மனுசன் இன்னா யோசன சொன்னாரு தெரியுமா? ஐப்பசியில போன செத்த செடிக்கே கட்டிடறேன்னாரு. செத்ததுக்குக் கட்டினா அது எப்படிண்ணே பொண்டாட்டிக் கணக்குல வரும்? இல்லன்னா எதுத்த வூட்டுக்காரி சன்னல்ல ஒரு ரோசாச் செடி இருக்குது, அதுக்குக் கட்டறேன்னாரு. பிரெஞ்சுக்கார ரோசாவுக்கு நம்ம சாஸ்திரம் தெரியுமா? நாளைக்கு எதுத்த வூட்டுக்காரி வந்து என் செடிக்கு பதில் சொல்லுன்னு நின்னா? சரிப்படாதுன்னு சொல்லியாச்சு.

பொண்ணு பாவமா? ஏண்ணே பாவம்? ஆளு நல்லவரு, குடிக்க மாட்டாரு, பேப்பர் படிப்பாரு. இங்க இருந்தா கரும்புத் தோட்டத்துக்கும் களத்துக்கும் நடந்தே காலு தேயும். அங்க போனா ஆகாசத்துலேர்ந்து பனி கொட்டறத சன்னலாண்ட உக்காந்து பாக்கலாம். அவளுக்கு அத்தப் பாக்கணும்ண்ணே, அவ்ளோதான். எமன் கணக்க நம்புறாளான்னு கேக்காத. பகல்ல நம்ப மாட்டா. வெளக்கு வெச்சா கொஞ்சம் நம்புவா. எதுக்கும் முன்னாடி ஒரு ஆள அனுப்பிட்டுப் போறது நல்லதுதானே?

அனுப்புறவங்க பேரா? அமுதம்னு போடு. இன்னா, பேனாவ வெச்சிட்ட? மறுபடியும் பாவம்ன்ற பாரு. என்னப் பாத்தா பாவமாவா இருக்குது? இது எனக்கு முன்னாடி சாவப் போறதுதாண்ணே, அத்த நானு இல்லன்னு சொல்லல. ஆனா தாலி வாங்கிக்கினு சாவணும். வழியில செத்துடிச்சின்னா அந்த மூணாவது எடம் எனக்கு வந்துடும்.

முத்திரைய மெதுவா குத்து.